யு.எஸ். காப்புரிமை எண் இருந்தால் அமெரிக்காவில் செய்ததா? பெஸ் மிட்டாய் டப்பிகளின் பிறந்த ஊர்

கண்டனூர்க்காரி | சனி, காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவு வீட்டில் பங்கு பிரிக்கும் வேலை நடக்கிறது. இரண்டாங்கட்டில் சாமான் அறையைக் காலி செய்தபோது பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே முழுக்கப் பெஸ் மிட்டாய் டப்பிகள். மேலே பொம்மைத் தலை, கீழே விரல் நீளத்துக்குத் தண்டு; தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்து வழியாக ஒரு மிட்டாய் வெளியே வரும், அதேதான். பினாங்கில் இருந்த பெரியப்பா வீட்டார் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை. நாங்கள் ஆசையாகப் பாதுகாத்தோம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பத்தா நமத்துப்போன தீப்பெட்டியைக்கூட எறிய விடமாட்டார்கள். அதனால் தப்பியவை இவை.

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் காட்டினேன். தண்டில் யு.எஸ். காப்புரிமை என்று எண்ணோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் அமெரிக்கச் சாமான், இதற்குத் தனி விலை" என்றார். அதே தெருவில் இன்னொரு கடையில், "பிளாஸ்டிக் என்றாலே சீனாதான், நிறுத்துப் போட்டுவிடுங்கள்" என்றார். நான் யாரை நம்புவது?

இருப்பதில் சில: சான்டா, பாதம் இல்லாதது, மேட் இன் யுகோஸ்லாவியா. டொனால்ட் டக், பாதம் இல்லாதது, ஹாங்காங். முயல் தலை, பாதம் உள்ளது, இதுவும் யுகோஸ்லாவியா. கார்ஃபீல்டு, பாதம் உள்ளது, சுலோவேனியா. டாம் பூனை, ஹங்கேரி. ஒரு மிக்கி மவுஸ் மட்டும் தேய்ந்துபோய் நாட்டுப் பெயரே தெரியவில்லை. இவை அனைத்திலும் யு.எஸ். காப்புரிமை எண் இருக்கிறது. அதுதான் குழப்பம்.

செல்லாக்காசு | சனி, காலை 11.05

இரண்டாவது கடைக்காரர் நேர்மையானவர். மிட்டாய் டப்பிக்கெல்லாம் குலம் கோத்திரம் பார்க்கும் காலமாகிவிட்டது. எங்கே செய்தால் என்ன, உள்ளே மிட்டாயா இருக்கிறது?

தலையாட்டி | சனி, நண்பகல் 12.30

ஆச்சி, இரண்டு கடைக்காரர்களும் டப்பியைப் பார்த்தார்களே தவிர, அதில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. செல்லாக்காசு பார்க்கவே இல்லை, அவரை விட்டுவிடுவோம்.

முதலில் காப்புரிமை எண்ணை முடித்துவிடலாம். இந்த மிட்டாய்த் தள்ளும் பொறியை அமெரிக்காவில் வேறு எவரும் காப்பியடிக்கக் கூடாது என்கிற சட்ட அறிவிப்புதான் அது. ஆஸ்திரியாவில் வார்த்த தண்டிலும் இருக்கும், ஹாங்காங்கில் வார்த்த தண்டிலும் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கும் போகக்கூடிய சரக்கு என்பதற்கு மேல் அது ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பழைய ஐரோப்பியத் தண்டுகளில் டி.பி.பி. 818829 என்று ஓர் எண் வரும். அது ஜெர்மன் காப்புரிமை. அதைப் பார்த்துவிட்டு "ஜெர்மனி ஒரிஜினல்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இதுவும் அதே கதைதான்.

பெஸ் ஆஸ்திரிய நாட்டுச் சரக்கு. எட்வர்ட் ஹாஸ் என்பவர் 1927இல் வியன்னாவில் தொடங்கிய பெப்பர்மின்ட் மிட்டாய். சிகரெட் லைட்டர் போன்ற டப்பி 1940களின் கடைசியில் வந்தது. 1952இல் அமெரிக்காவுக்குப் போனது. தலை முளைத்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஆரஞ்ச் என்கிற ஊரில் 1973 முதல் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்வது பெரும்பாலும் மிட்டாய். ஆகவே அட்டையில் ஒட்டி வந்த பொதியில் மேட் இன் யுஎஸ்ஏ என்று இருந்தால், அது மிட்டாயைச் சொல்கிறதா, டப்பியைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். மிட்டாய் ஒரு நாடு, டப்பி ஒரு நாடு, இரண்டும் ஒரே அட்டையில் வருவது சாதாரணம்.

காப்புரிமை எண்ணுக்கு வேறு பயன் இருக்கிறது. 2,620,061 என்றால் 1952இல் வழங்கியது. 3,410,455 என்பது 1968. 3,845,882 என்பது 1974. 3,942,683 என்பது 1976. 4,966,305 என்பது 1990. சேகரிப்பவர்கள் முதல் இரண்டு இலக்கங்களைச் சொல்லி "மூன்று-ஒன்பது", "நான்கு-ஒன்பது" என்று பேசிக்கொள்வார்கள். நான்கு-ஒன்பது தண்டு 1990க்கு முன் செய்ததாக இருக்க முடியாது. ஆனால் மூன்று-ஒன்பது தண்டு 1976இலேயே செய்தது என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பழைய எண் வெட்டிய அச்சில் எத்தனையோ ஆண்டுகள் வார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது பாதம். தண்டின் அடியில் நிற்க வைப்பதற்கான அந்தப் பட்டை 1987இல்தான் வந்தது. சான்டாவும் டொனால்டும் அதற்கு முந்திய வார்ப்பு என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஊரைக் கண்டுபிடிக்க அச்சு எண் என்று ஒன்று இருக்கிறது. தண்டின் மேல் ஓரத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் ஒற்றை இலக்கமாகத் துளியூண்டு இருக்கும். எறும்புத் தலை அளவுதான். ஆச்சி ஒவ்வொன்றிலும் அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ஈப்போ பேத்தி | சனி, பிற்பகல் 2.15

எங்கள் ஐயா வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது, யாரோ எறிந்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல். கண்டனூர் ஆச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பினாங்கில் வாங்கியது என்பதால் மலேசியாவில் செய்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே கடைகளில் ஐரோப்பாச் சரக்கும் ஹாங்காங் சரக்கும் ஒரே கொக்கியில் தொங்கும்.

நாலாங்கடை | சனி, மாலை 4.50

நானும் அந்தத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன இரண்டு கடைகளும் என்னுடையவை அல்ல, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் எங்கள் சரக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது எனாமல், பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி.

ஆனால் தலையாட்டி அண்ணன் சொல்வது எங்கள் தொழிலிலும் அப்படியே பொருந்துகிறது. 1890இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. மறு ஆண்டிலிருந்து வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பயந்து போட்ட முத்திரைகளை வைத்துத்தான் நாங்கள் இன்று காலம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஜப்பான் பீங்கானில் நிப்பான் என்று இருந்தால் 1921க்கு முந்தியது என்போம், அதன்பின் ஜப்பான் என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆக்குப்பைடு ஜப்பான் என்று இருந்தால் போர் முடிந்து 1952 வரைக்கும் உள்ள காலம்.

போன மாதம் ஒருவர் எனாமல் தட்டுகளைக் கொண்டுவந்து, "எங்கள் ஐயா கல்யாணத்துச் சீர், 1910" என்று அடித்துச் சொன்னார். திருப்பிப் பார்த்தால் மேட் இன் செக்கோஸ்லோவாகியா. அந்த நாடு பிறந்ததே 1918இல்தான். அவரிடம் சொன்னேன். "எங்கள் ஆத்தா பொய் சொல்ல மாட்டார்கள்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆத்தா பொய் சொல்லவில்லை. வேறு கல்யாணத்துச் சீராக இருந்திருக்கும்.

செல்லாக்காசு | சனி, மாலை 5.10

அப்படியானால் கடைக்காரர்கள் உண்மை பேசுவது உண்டு என்கிறீர்கள். இந்தக் களத்தில் இன்றைக்கு ஒரு புதிய செய்தி.

மட்டுறுத்துநர் | சனி, மாலை 5.30

செல்லாக்காசு அவர்களே, போதும். எனாமல் முத்திரைக்குத் தனி இழை இருக்கிறது, நாலாங்கடை அந்தப் பதிவை அங்கேயும் போட்டால் பலருக்குப் பயன்படும்.

கண்டனூர்க்காரி | சனி, இரவு 9.20

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு லென்ஸும் கையுமாக உட்கார்ந்தேன். தலையாட்டி அண்ணன் சொன்ன இடத்தில் எண் இருக்கிறது! இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் கண்ணில் பட்டதே இல்லை. சான்டா: 5. டொனால்ட்: 6. கார்ஃபீல்டு: 5. டாம்: 3. மிக்கி: 7. முயலில் எண்ணே இல்லை, எழுத்து போல ஒன்று இருக்கிறது, ஆங்கில வி மாதிரி. கீறலோ என்னவோ.

இன்னொன்று கேட்க வேண்டும். சான்டா யுகோஸ்லாவியா, கார்ஃபீல்டு சுலோவேனியா. நாடு வேறு, எண் மட்டும் எப்படி ஒன்று?

அச்சுக்காரன் | சனி, இரவு 11.00

சொந்த ஊர் கோட்டையூர், பிழைப்பு ஓசூரில். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறையில் அச்சுப் பிரிவில் இருக்கிறேன். பெஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆச்சி கேட்ட கேள்வி எங்கள் பட்டறைக் கேள்வி.

அச்சு என்பது கெட்டி உருக்கு. ஒன்று செய்ய லட்சக்கணக்கில் செலவாகும், பராமரித்தால் லட்சக்கணக்கில் வார்க்கலாம். அதை ஒரு நாட்டின் பெயர் மாறியதற்காக எவரும் எறிய மாட்டார்கள். பெயர் வரும் இடத்தை மட்டும் தனித் துண்டாக வைத்துச் செருகுவது உண்டு. பெயர் மாறினால் துண்டை மாற்றினால் போதும். அப்படி இல்லையென்றால் பழைய எழுத்தைச் சுரண்டி நிரவி, பக்கத்தில் புதிதாக வெட்டுவார்கள். உருக்கில் குழியாக வெட்டினால் பிளாஸ்டிக்கில் மேடாக வரும், அதனால்தான் உங்கள் டப்பியில் எழுத்து புடைத்து நிற்கிறது. எண்ணுக்கும் நாட்டுப் பெயருக்கும் வேலை வேறு. நாட்டுப் பெயர் சுங்கத்துறைக்கு. எண் தொழிற்சாலைக்கு: ஒரு தண்டு விரிசல் விட்டுத் திரும்பி வந்தால் எந்த அச்சு, எந்தப் பட்டறை என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்கு. சுலோவேனியா யுகோஸ்லாவியாவுக்குள் இருந்த பகுதிதானே?

தலையாட்டி | ஞாயிறு, காலை 7.45

தம்பி அச்சுக்காரன் போட்டாரே ஒரு போடு. அதேதான். சுலோவேனியா தனி நாடாக அறிவித்தது 1991 ஜூனில். 5 என்ற எண் யுகோஸ்லாவியாத் தண்டிலும் வரும், சுலோவேனியாத் தண்டிலும் வரும். கொடிதான் மாறியது.

ஆச்சி கீறல் என்று நினைத்தது கீறல் இல்லை. வி என்பது யுகோஸ்லாவியாவுக்கு உள்ள குறி. இப்போது முயலைப் பாருங்கள், எவ்வளவு அழகாக மாட்டிக்கொள்கிறது என்று. பாதம் இருக்கிறது, ஆகவே 1987க்கு முன் இல்லை. யுகோஸ்லாவியா என்று இருக்கிறது, ஆகவே தொண்ணூறுகளுக்குள் ரொம்ப தூரம் போயிருக்க முடியாது. நாடு உடைந்த அன்றைக்கே அச்சை மாற்றியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சிறிது காலம் பழைய பெயரிலேயே ஓடியிருக்கலாம். அப்படியிருந்தும் அந்தப் பெட்டியிலேயே காலம் மிக நெருக்கமாகத் தெரிவது இந்த முயலுக்குத்தான். எல்லோரும் சான்டாவையும் மிக்கியையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் முயலைத்தான் எடுப்பேன்.

டொனால்டுக்கு 6. ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் அந்த எண்தான். ஹாங்காங் என்று எழுதியும் இருக்கிறது, தகராறு இல்லை. இதே 6 எண்ணில் சீனா என்று இருந்தால் சிலர் "1997க்குப் பிறகு, ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த பிறகு" என்று கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ஹாங்காங் முதலாளிகள் எண்பதுகளிலேயே பட்டறைகளை எல்லை தாண்டிக் குவாங்துங் பக்கம் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். கூலியும் இடமும் அங்கே மலிவு. கொடி இறங்கும் வரைக்கும் சரக்கு காத்திருக்கவில்லை.

டாமுக்கு 3. 1, 3 இரண்டுமே ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் வரும். எழுத்தில் ஹங்கேரி இருப்பதால் அதுவும் முடிந்தது. 4, 8 என்று இருந்திருந்தால் ஆஸ்திரியா. 9 இருந்திருந்தால் அது அமெரிக்கா. கவனியுங்கள், முதல் கடைக்காரர் "எல்லாம் அமெரிக்கா" என்று சொன்ன பெட்டியில் 9 என்பது ஒன்றில்கூட இல்லை.

மிச்சம் இருப்பது மிக்கி. 7தான் பொல்லாத எண். ஹாங்காங், ஆஸ்திரியா, செக் குடியரசு மூன்றுக்கும் அது உண்டு. எழுத்தைப் படித்தால் ஒழிய நகர முடியாது.

மைப்படி | ஞாயிறு, காலை 9.10

புதுக்கோட்டைக்காரன். கல்வெட்டுப் பக்கம் அலைபவன், மிட்டாய் டப்பி இழையில் நுழைவேன் என்று நினைக்கவில்லை. தேய்ந்த எழுத்து என்றதும் கை அரிக்கிறது.

ஆச்சி, நேர் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். அறையை இருட்டாக்குங்கள். கைப்பேசி விளக்கைத் தண்டுக்கு ஓரமாக, மேசையோடு படுத்த மாதிரி வைத்து அடியுங்கள். புடைத்த எழுத்துக்கு ஒரு பக்கம் நிழல் விழும். விளக்கை மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் தெரியாதது அடுத்த கோணத்தில் தெரியும். குடுமியான்மலையில் நாங்கள் பகலில் விட்ட எழுத்தைச் சாயங்கால வெயிலில் பிடித்திருக்கிறோம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மெல்லிய டிரேசிங் தாளை இறுக்கிப் பிடித்து, மெதுவான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் படி எடுங்கள். மையைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கில் ஏறினால் போகாது.

பள்ளத்தூர் ஆயா | ஞாயிறு, காலை 9.40

மையைச் சொன்னீர்கள், புளியைச் சொல்லவில்லையே. நம் வீடுகளில் பழைய சாமான் எது கிடைத்தாலும் முதல் வேலையாகப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பித்தளைக்கு அது சரி. இதற்குச் செய்தால் மிச்சம் இருக்கிற எழுத்தும் போய்விடும். சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பல் துலக்கி, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் அம்மா. வெயிலில் காய வைக்காதே. உள்ளே ஸ்பிரிங் உலோகமாக இருந்தால் ஈரம் நிற்காமல் துடைத்துவிடு.

கண்டனூர்க்காரி | ஞாயிறு, பிற்பகல் 3.30

ஆயா, நல்ல வேளை சொன்னீர்கள். அண்டாக்களோடு சேர்த்து இவற்றையும் தேய்க்க உட்கார்ந்தவர்களை இப்போதுதான் தடுத்தேன்.

மைப்படி ஐயா சொன்னபடி விளக்கை ஓரமாக வைத்துப் பார்த்தேன், பிறகு பென்சில் படியும் எடுத்தேன். மேட் இன் என்பது மங்கலாகத் தெரிகிறது. அதன்பின் கட்டை விரல் படும் இடம், வழவழவென்று போய்விட்டது. கடைசியில் மூன்று எழுத்து மட்டும் பிழைத்திருக்கிறது: ஆர், ஐ, ஏ. அப்படியானால் ஆஸ்திரியாதானே?

செல்லாக்காசு | ஞாயிறு, பிற்பகல் 3.45

பல்கேரியாவும் அப்படித்தான் முடியும். சிரியாவும் அப்படித்தான். நைஜீரியாவை ஏன் விட வேண்டும்?

தலையாட்டி | ஞாயிறு, மாலை 4.20

செல்லாக்காசு முதல்முறையாக உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

ஆச்சி, படியெடுத்த தாளில் இன் என்பது முடியும் இடத்திலிருந்து ஆர் தொடங்கும் இடம் வரைக்கும் அளந்து பாருங்கள். தெரிகிற எழுத்துகளின் அகலத்தை வைத்து, நடுவில் எத்தனை எழுத்து அடங்கும் என்று சொல்லுங்கள். இடைவெளிக்கும் கொஞ்சம் விட வேண்டும்.

கண்டனூர்க்காரி | ஞாயிறு, மாலை 5.05

நான்கு எழுத்து கச்சிதமாக அடங்குகிறது. ஐந்து போட்டால் முட்டுகிறது, மூன்று போட்டால் இடம் கிடக்கிறது.

தலையாட்டி | ஞாயிறு, மாலை 5.20

ஆஸ்திரியாவுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. கடைசி மூன்று போக முன்னால் நான்கு. பல்கேரியாவுக்கு ஐந்து வேண்டும், சிரியாவுக்கு இரண்டே போதும். நைஜீரியாவுக்கும் நான்குதான், ஆனால் அதை அச்சு எண் தள்ளிவிடும். 7 என்ற எண் சேரக்கூடிய மூன்று ஊர்களில் ஆர்-ஐ-ஏ என்று முடிவது ஆஸ்திரியா ஒன்றுதான். இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம். மிக்கி ஆஸ்திரியா.

செல்லாக்காசு | ஞாயிறு, மாலை 5.30

ஆஸ்திரியாவாகவே இருக்கட்டும். அதற்காக இரண்டு நாள் பேசியது எனக்கு இன்னும் அதிகமாகத்தான் தெரிகிறது.

அச்சுக்காரன் | ஞாயிறு, மாலை 6.10

ஒரு நிமிடம். எல்லோரும் தண்டையே பேசிக்கொண்டிருக்கிறோம். தலை தனி வார்ப்பு, தண்டு தனி வார்ப்பு, உள்ளே மிட்டாய் அடுக்கும் உறை இன்னொரு வார்ப்பு. மூன்றும் ஒரே பட்டறையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆச்சி அனுப்பிய படத்தில் டொனால்டின் தலை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் வெளுத்துப்போய் இருக்கிறது. பிளாஸ்டிக்கை வளைத்து நெம்பினால் அப்படி வெளுக்கும். யாரோ தலையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

கண்டனூர்க்காரி | ஞாயிறு, இரவு 8.00

யாரோ இல்லை, நாங்கள்தான். பட்டாலையில் உட்கார்ந்து தலையை மாற்றி மாற்றிப் பொருத்துவதுதான் எங்களுக்கு விளையாட்டே. சான்டா உடம்பில் டொனால்ட், டொனால்ட் உடம்பில் வேறு யாராவது. பெரியப்பா மகன் இருக்கும் வரைக்கும் ஒன்றுகூட ஒழுங்காக இருந்ததில்லை. அப்படியென்றால் இவ்வளவு நேரம் படித்ததெல்லாம் வீணா?

தலையாட்டி | ஞாயிறு, இரவு 8.40

வீண் இல்லை ஆச்சி. தண்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் தண்டுக்கு அப்படியே நிற்கும். அதைத் தலைக்கும் சேர்த்துச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இதுதான். பழைய பாதமில்லாத் தண்டில் புதுத் தலையை மாட்டி விற்பதும், நல்ல தலைக்கு உடைந்த தண்டைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவதும் சாதாரணம். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்ததைப் பெரியவர்கள் காசுக்குச் செய்கிறார்கள்.

தலையின் பின்பக்கமும் கழுத்தின் அடியும் பாருங்கள். சிலவற்றில் பதிப்புரிமைக் குறியும் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டு அந்தக் கதாபாத்திரத்துக்கு உரிமை வாங்கிய ஆண்டு. தலையை வார்த்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுபதுகளின் ஆண்டு போட்ட தலை தொண்ணூறுகளில் வார்த்ததாக இருக்கும். இது காப்புரிமை எண்ணுக்குத் தம்பி மாதிரி, அதே குறும்பு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி நூலால் கட்டுங்கள். ஒட்டும் பசைத்தாள் வேண்டாம், கறை பிடிக்கும். தண்டு: நாடு, அச்சு எண், காப்புரிமை எண், பாதம் உண்டா இல்லையா. தலை: என்ன எழுதியிருக்கிறது, தண்டோடு பிறந்ததாகத் தெரிகிறதா, மாட்டியதா. எழுத்திலிருந்து படித்ததையும் எண்ணிலிருந்து ஊகித்ததையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மிக்கியின் சீட்டில் "ஆஸ்திரியா" என்று மட்டும் எழுதினால் போதாது. "எண் 7, எழுத்தின் கடைசி மூன்று மட்டும் தெரிகிறது" என்றும் இருக்க வேண்டும்.

நாலாங்கடை | திங்கள், காலை 10.15

அண்ணன் சொல்வது படிப்பாளிக்குச் சரி. கடையில் வந்து நிற்பவரிடம் "தண்டு இன்ன நாடு, தலை மாட்டியது, எழுத்து பாதிதான் தெரிகிறது" என்று சொன்னால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிடுவார். வாங்குபவருக்கு ஒரே வார்த்தை வேண்டும். ஆஸ்திரியா என்றால் ஆஸ்திரியா.

சரி, நாட்டை வைத்து விலை கூடுமா குறையுமா? அதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஒரு டப்பி முப்பதாயிரம் டாலருக்குப் போனதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஆச்சி காட்டிய முதல் கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை விரித்திருப்பார்.

தலையாட்டி | திங்கள், நண்பகல் 12.00

பேச்சு பொய் இல்லை. 2006இல் இணைய ஏலத்தில் ஒரு விண்வெளி வீரர் டப்பி 32,000 டாலருக்கு மேல் போனது. 1982 உலகக் கண்காட்சிக்காக மாதிரிக்குச் செய்தது, கடைக்கே வராதது. அதற்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. கடையில் கொக்கியில் தொங்கியதை வாங்கி வந்த டப்பிகள் இவை. லட்சக்கணக்கில் வார்த்தவை.

பொதுவான டப்பியில் நாட்டுப் பெயர் விலையைப் பெரிதாகத் தூக்காது. எந்தத் தலை, பாதம் உண்டா, விரிசல் இருக்கிறதா, தலையும் தண்டும் சேர்ந்து பிறந்தவையா, இவைதான் முன்னால் வரும். ஒரே தலையில் எல்லா நாட்டுத் தண்டும் சேர்ப்பவன் என்று ஒரு சாதி இருக்கிறது, அவனுக்கு மட்டும் நாடு முக்கியம். நான் அந்தச் சாதி. ஆகவே முயலுக்கு நான் ஆசைப்படுவதை வைத்து ஊர் விலை போடாதீர்கள்.

ஒரே வார்த்தை வேண்டும் என்று நாலாங்கடை சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஒரே வார்த்தைதான் ஆச்சியை இரண்டு கடைக்கும் நடுவே நிறுத்தியது. ஒருவர் "அமெரிக்கா" என்றார், ஒருவர் "சீனா" என்றார். பெட்டியில் இரண்டுமே இல்லை.

ஈப்போ பேத்தி | திங்கள், பிற்பகல் 1.30

ஆச்சி, விற்கிறீர்களா வைத்துக்கொள்கிறீர்களா? டாமை மட்டும் எனக்குக் கொடுங்கள். ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். எறிந்த பெட்டிக்கு ஈடாக ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

கண்டனூர்க்காரி | திங்கள், இரவு 9.00

டாம் உனக்குத்தான், விலை வேண்டாம், எடுத்து வைக்கிறேன். முயலைத் தலையாட்டி அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். என் மகள் இரண்டு நாளாக நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

மற்றவை பங்காளிகள் நால்வருக்கும் பொது. விற்றுப் பிரிப்பது என்று முடிவாகிவிட்டது. சீட்டுகளை இன்று எழுதி முடித்தேன். டொனால்டின் சீட்டில் "தண்டு ஹாங்காங், எண் 6, தலை கழற்றி மாட்டியது" என்று உள்ளபடியே எழுதியிருக்கிறேன். கார்ஃபீல்டின் தலைக்குப் பின்னால் பதிப்புரிமை ஆண்டு இருக்கிறது, அதற்கு நேரே "வார்த்த ஆண்டு அன்று" என்று எழுதினேன்.

நாலாங்கடை | செவ்வாய், காலை 9.30

ஆச்சி, நானே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடையில் சொன்ன விலைக்கு வராது, நிறுத்துப் போடச் சொன்ன விலைக்கும் கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் கொண்டுவாருங்கள். சீட்டை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுங்கள், நான் என் கையெழுத்தில் எழுதிக்கொள்கிறேன்.

கண்டனூர்க்காரி | செவ்வாய், காலை 10.05

சீட்டோடு சேர்த்துத்தான் கொடுப்பேன் அண்ணன். டொனால்டின் சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் டொனால்டையும் திருப்பித் தந்துவிடுங்கள். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை வருகிறேன்.

நாலாங்கடை | செவ்வாய், காலை 10.20

சம்மதம். சில்லறையாகக் கொண்டுவராதீர்கள், அந்த பிஸ்கட் பெட்டியோடு வாருங்கள். பெட்டிக்கு அடியில் என்ன முத்திரை இருக்கிறது?